ஒப்போலை ஈந்த கைக்கே விலங்கு!

1965ஆம் ஆண்டு. தமிழகத்தில் இந்தி எதிர்ப்புப் போரின் சூடு ஆறவில்லை. சுடப்பட்டு வீழ்ந்தோரின் குருதி உலர்ந்து ஓரிரு திங்களே ஆகியிருந்தன. அவ்வாண்டு மே 8ஆம் நாள் தில்லி வானூர்தி நிலையத்தில் ஒருவர் தளைப்படுத்தப்பட்டார். நாட்டுப் பாதுகாப்பு விதிகளின் பெயரால் அவர் தெற்கே கொண்டுவரப்பட்டார். முதலில் உதகையிலும், பின்னர்க் கோடைக்கானலில் கோகினூர் என்னும் மாளிகையிலும் காவலில் வைக்கப்பட்டார். அவர் காசுமீரத்தின் முன்னாள் தலைமையமைச்சர் சேக் அப்துல்லா. முழு விடுதலை அவருக்குக் கிடைத்தது 1968 சனவரியில்தான். அதே 1965இன் பிப்பிரவரியில் மு. கருணாநிதியைப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தனவும் அதே பாதுகாப்பு விதிகளே.

வடகோடி மலைநாட்டின் தலைவருக்குத் தென்கோடி மலைமுகடு சிறையாயிற்று. பழனிமலைத் தொடரின் மேல், பூம்பாறையிலும் மன்னவனூரிலும் வில்பட்டியிலும் தம்பாட்டுக்கு உழுது வாழ்ந்த மக்களிடம், 'உங்கள் மலையைச் சிறையாக்கலாமா?' என்று எவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்னும் எண்ணமும் தில்லிக்கு வந்ததில்லை. ஏரியையும் படகையும் பனிமூட்டத்தையும் காட்டி அம்மலையை விற்போர் இவ்வரலாற்றைச் சொல்வதில்லை. ஆயினும் தமிழர் கற்க வேண்டிய அரசியற் பாடம் ஒன்று அம்மாளிகையின் மதில்களுக்குள் அடங்கியிருந்தது.

தலைவரைத் தேர்ந்த அவை

இந்திய ஒன்றியத்தில் தன் தலைவரைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் உரிமை பெற்றிருந்த ஒரே மாநிலம் சம்மு-காசுமீரம். பிற மாநிலங்களுக்குத் தில்லி ஆளுநரை அனுப்பிற்று. காசுமீரமோ 'சதர்-இ-ரியாசத்து' என்னும் நாட்டுத் தலைவரைத் தன் அவையின் வாயிலாகவே ஐந்தாண்டுக்குத் தேர்ந்தெடுத்தது. 1952 நவம்பரில் அவ்விருக்கைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இருபத்தோரகவை இளைஞரான கரண்சிங்கு; பழைய மன்னரின் மகன்.

தேர்ந்தெடுத்த அவை எத்தகையது என்பதே இங்குத் தலையாய வினா. 1951இல் அவ்வவைக்கு நடந்த தேர்தலில் 75 இடங்கள். எழுபத்தைந்தையும் அப்துல்லாவின் தேசிய மாநாட்டுக் கட்சியே பெற்றது. மிகப்பல இடங்களில் போட்டியே இல்லை. சம்முப் பகுதியின் பிரசா பரிசத்துக் கட்சியாரின் வேட்பு மனுக்கள் பல தள்ளப்பட்டன; அக்கட்சி தேர்தலையே புறக்கணித்தது. எதிர்க்குரல் ஒன்றேனும் இல்லாத அவை அது. ஒரே கட்சி, ஒரே தலைவர், ஒரே முடிவு. அத்தகைய அவை கைதூக்கித் தேர்ந்த தலைவர், தம்மைத் தேர்ந்தவர்க்குக் காவலாக நிற்பார் என்று அப்துல்லா நம்பினார் போலும்!

நடந்தது என்ன? ஒன்பது திங்கள்கூட நிறையவில்லை. 1953 ஆகத்து 8ஆம் நாள் அதே நாட்டுத் தலைவரின் கையெழுத்தே அப்துல்லாவின் அமைச்சரவையை வீழ்த்திற்று. விடிவதற்குள் அவர் சிறைப்பட்டார். அவர் கட்சியைச் சேர்ந்த பக்சி குலாம் முகமது அவரிடத்தில் அமர்த்தப்பட்டார். நேற்றுவரை அப்துல்லாவுக்காகக் கைதூக்கிய அவை இன்று பக்சிக்காகக் கைதூக்கிற்று. எதிர்ப்பையே அறியாத அவை, தில்லி எதிர்ப்பட்டபோது எவ்வாறு எதிர்க்கும்?

1965இல் வந்தது அடுத்த அடி. 'சதர்-இ-ரியாசத்து' என்னும் தேர்தல் தலைமை ஒழிக்கப்பட்டது. தில்லி அமர்த்தும் ஆளுநர் அவ்விடத்தில் வந்தார். 'தலைமையமைச்சர்' என்ற பெயரும் 'முதலமைச்சர்' எனச் சுருங்கிற்று. இத்திருத்தத்தையும் அம்மாநிலச் சட்டமன்றமே நிறைவேற்றிற்று என்பதை மறத்தலாகாது. தன் தலைவரைத் தேரும் உரிமையைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டது அவ்வவை. அவ்வுரிமைக்கு வித்திட்டவரோ அதே ஆண்டில் கோடைமலையில் காவலில் கிடந்தார்.

கடல்கடந்த தெற்கின் சான்று

இதனைக் காசுமீரத்தின் தனிக்கதை எனத் தள்ளுவோர் உலக வரலாற்றை நோக்குதல் வேண்டும். கோடைக்கானலில் 1845இல் முதல் வீடுகளைக் கட்டியோர் அமெரிக்க மதுரைக் கிறித்தவத் தொண்டர்கள். அவர்தம் நாட்டின் தென்மாநிலங்களிலும் ஒரு கட்சி ஆட்சியே பன்னெடுங்காலம் நிலவிற்று. 1936ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் தென் கரோலினா மாநிலத்தில் ரூசுவெல்ட்டு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் பெற்றார். மிசிசிப்பியில் தொண்ணூற்றேழு. வெளியே நின்று பார்ப்பார்க்கு இது மக்களின் ஒருமித்த அன்பாகத் தோன்றும்.

உள்ளே புகுந்து பார்த்தால் உண்மை வேறு. தென் கரோலினாவின் மக்கள்தொகை பதினேழு இலக்கத்திற்கு மேல். பதிவான ஒப்போலையோ ஒன்றேகால் இலக்கத்தையும் எட்டவில்லை. மக்களுள் ஏறத்தாழப் பாதியராகிய கறுப்பினத்தார் தலைவரியாலும் எழுத்தறிவுத் தேர்வு என்னும் சூழ்ச்சியாலும், வெள்ளையர் மட்டுமே பங்குகொள்ளும் கட்சித் தேர்வாலும் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர். அவ்வொருமிப்பால் வலுப்பெற்றோர் கட்சித் தலைவர்களே. அமெரிக்கப் பேரவையில் குழுத் தலைமைகளைக் கைப்பற்றி, கறுப்பினத்தாரைக் கட்டிவைத்துக் கொல்லும் கொடுமையைத் தடுக்கும் சட்டத்தைக்கூட அவர்கள் மறித்தனர். தொண்ணூற்றெட்டு ஈந்த மாநிலம் என்பதால் அங்குள்ள ஏழைக்கு என்ன கிடைத்தது?

விடிவு அத்தேர்தல் வழியாக வரவில்லை. கறுப்பின மக்கள் தெருவில் இறங்கினர். செல்மா நகரில் அடிபட்டனர். 1965 ஆகத்து 6ஆம் நாள் ஒப்போலை உரிமைச் சட்டம் வந்தது. தலைவரின் அருளைச் சட்டத்தின் உறுதியாக மாற்றிக்கொண்ட பின்னரே அம்மக்கள் மூச்சுவிட்டனர்.

1969: கொடுத்தது எவ்வளவு, பெற்றது என்ன?

இனித் தமிழகத்தின் கணக்கைப் பார்த்தல் வேண்டும். கணக்கு என்று சொன்னது வெறும் பேச்சுக்கன்று. எண்களே கரி கூறும்.

1969 மே 3ஆம் நாள் குடியரசுத் தலைவர் சாகிர் உசேன் மறைந்தார். பேராயக் கட்சி பிளந்தது. கட்சியின் வேட்பாளர் நீலம் சஞ்சீவ இரெட்டி. தலைமையமைச்சர் இந்திராகாந்தியோ 'மனச்சான்றின்படி ஒப்போலை இடுக' என்றார். கட்சி சாராதவராக நின்ற வி.வி. கிரிக்குத் தி.மு.க. துணைநின்றது. ஆகத்து 16இல் தேர்தல்; 20இல் எண்ணிக்கை. முதல் விருப்ப ஒப்போலைகளில் கிரிக்கு 4,01,515, இரெட்டிக்கு 3,13,548, தேசுமுக்குக்கு 1,12,769. எவரும் பாதியைத் தாண்டவில்லை. இரண்டாம் விருப்பங்களையும் கூட்டிய பின் கிரிக்கு 4,20,077; இரெட்டிக்கு 4,05,427. வேறுபாடு 14,650.

இவ்வேறுபாட்டின் பொருள் என்ன? குடியரசுத் தலைவர் தேர்தலில் குடிமகன் ஒப்போலை இடுவதில்லை. மாநிலத்தின் மக்கள்தொகையைச் சட்டமன்ற இடங்களால் வகுத்து, வந்ததை ஆயிரத்தால் மீண்டும் வகுத்தால் கிடைப்பதே ஓர் உறுப்பினரின் ஒப்போலை மதிப்பு. அஃதாவது ஆயிரம் உயிர்க்கு ஒரு புள்ளி. கோடைமலையின் சிற்றூர் ஒன்றில் ஆயிரவர் இல்லையேல் அவ்வூர் ஒரு புள்ளிகூட ஆகாது. 1961 கணக்கெடுப்பின்படி தமிழகச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் மதிப்பு 144. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் மதிப்பு 576.

1967இல் தி.மு.க. வென்ற சட்டமன்ற இடங்கள் 137. அவற்றின் மதிப்பு 19,728. நாடாளுமன்ற மக்களவையில் 25 இடங்கள், மதிப்பு 14,400. இரண்டும் சேர்ந்து 34,128. வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே இருந்த தொலைவைப்போல் இருமடங்கினும் மிகுதி! மேலவை உறுப்பினர் இக்கணக்கில் சேரார். தமிழகத்தின் ஒரு கட்சி எடுத்த ஒரு முடிவு எதிர்ப்புறம் சாய்ந்திருப்பின், இந்தியாவின் தலைமை இருக்கையில் அமர்ந்திருப்பவர் வேறொருவர். இந்திராகாந்தியின் அரசியல் வாழ்வும் வேறு வழியில் திரும்பியிருக்கும்.

இத்துணைப் பெரிய கொடைக்கு ஈடாகத் தமிழகம் பெற்ற எழுத்துறுதி ஏது? அரசமைப்புச் சட்டத்தில் திருத்தப்பட்ட சொல் ஏது? ஆட்சிமொழிப் பிரிவில் அசைந்த புள்ளி ஏது? கிரி வென்று ஒரு திங்களில், 1969 செட்டம்பர் 22ஆம் நாள், தமிழக அரசு இராசமன்னார் குழுவை அமைத்தது. 1971இல் அக்குழு அறிக்கை தந்தது. மாநில அரசைக் கலைக்கும் 356ஆம் பிரிவை நீக்குக என்றது. ஆளுநரை மாநில அமைச்சரவையின் கருத்தறிந்து அமர்த்துக என்றது. 1974 ஏப்பிரலில் சட்டமன்றம் மாநிலத் தன்னாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றித் தில்லிக்கு விடுத்தது. கிரி தலைமை இருக்கையில் இருந்த ஐந்தாண்டிலும் அதில் ஒரு வரிகூடச் சட்டமாகவில்லை. அவர் இருந்தபோதே, 1974 சூனில், தமிழகத்தின் இசைவின்றிக் கச்சத்தீவு இலங்கைக்கு விடப்பட்டது. ஒப்போலை மட்டும் முன்னதாகச் சென்றது. உரிமை இன்னும் வந்துசேரவில்லை.

அதன்பின் வந்தது விலங்கு. 1976 சனவரி 31ஆம் நாள், நெருக்கடி நிலையின் இருளில், குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமதுவின் கையெழுத்தால் தமிழக அரசு கலைக்கப்பட்டது. அதன் ஆட்சிக்காலம் இயல்பாக முடியச் சில கிழமைகளே எஞ்சியிருந்தன; அதனையும் பொறுக்க மனமில்லை. அவ்வாண்டின் 42ஆம் திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் பெயர்த்தது. அப்பெயர்ப்பை எதிர்த்துப் பேசத் தமிழகத்தில் சட்டமன்றமே இல்லை.

காசுமீரத்தில் தலைவரைத் தேர்ந்த கட்சியைத் தலைவரே கவிழ்த்தார். தமிழகத்தில் தலைவரைத் தேரத் துணைநின்ற கட்சியை அடுத்து வந்த தலைவர் கவிழ்த்தார். ஆள் வேறு, இருக்கை ஒன்றே.

தமிழர் அமர்ந்தால் தமிழ் வாழுமா?

'தமிழகத்தில் பிறந்தோர் மூவர் அவ்விருக்கையில் அமர்ந்துளரே, அது பெருமையன்றோ?' என்பார் உளர். பெருமையைப் பிறகு பேசலாம். பயனை முதலில் பார்ப்போர் பார்க்கட்டும். திருத்தணியில் பிறந்த இராதாகிருட்டிணன் குடியரசுத் தலைவராக இருந்த 1965 சனவரி 26ஆம் நாளன்றுதான் இந்தி ஒன்றியத்தின் ஆட்சிமொழியாக அரியணை ஏறிற்று. அதனை எதிர்த்த தமிழர் மேல் துப்பாக்கி வெடித்ததும் அவர் காலத்தே.

பட்டுக்கோட்டைப் பக்கத்து இராசாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்டராமன் 1987இல் அவ்விருக்கை ஏறினார். 1991 சனவரி 30ஆம் நாள் தமிழக அரசைக் கலைத்த ஆணையில் கையெழுத்திட்டவர் அவரே. அன்றைய ஆளுநர் சுர்சித்து சிங்கு பர்னாலா கலைக்குமாறு அறிக்கை தரவில்லை. ஆளுநர் அறிக்கை 'அல்லது வேறுவகையால்' என்று சட்டத்தில் ஒளிந்திருந்த இரண்டு சொற்களே போதுமானவை ஆயின. பஞ்சாபில் பிறந்த ஆளுநர் மறுத்ததைத் தமிழ்மண்ணில் பிறந்த தலைவர் செய்தார். ஆகவே குறை பிறப்பில் இல்லை, பொறியில் இருக்கிறது. பொறியை மாற்றாமல் அதன்மேல் அமரும் ஆளை மாற்றிப் பயனில்லை.

இக்குற்றத்தில் தமிழகக் கட்சிகளுக்கும் பங்குண்டு. 1980 பிப்பிரவரி 17ஆம் நாள் எம்.சி.ஆர். அரசு கலைக்கப்பட்டது. கையெழுத்திட்டவர் 1969இல் தோற்று, 1977இல் போட்டியே இன்றித் தேர்வான அதே சஞ்சீவ இரெட்டி. அன்று ஒரு கழகம் மகிழ்ந்தது. 1991இல் மற்றொரு கழகம் கலைக்கக் கோரி, கலைந்தபின் மகிழ்ந்தது. அடுத்த வீட்டில் தீப்பிடித்தால் குளிர்காயும் இவ்வழக்கமே தில்லியின் முதற்படை. 1994இல் பொம்மை வழக்கில் உச்சநயன்மன்றம் அப்பிரிவுக்குக் கடிவாளம் இட்டது உண்மை. ஆயினும் குதிரை இன்னும் கொட்டிலில் நிற்கிறது.

கலைந்த மாநிலத்துக்குக் குரலில்லை

இதனினும் கொடிய முரண் ஒன்றுண்டு. ஒரு மாநிலத்தின் சட்டமன்றத்தைத் தில்லி கலைத்துவிட்டால், அம்மாநில உறுப்பினரின் ஒப்போலைகளும் குடியரசுத் தலைவர் தேர்தலில் இல்லாமற் போகின்றன. 1974இல் குசராத்துச் சட்டமன்றம் கலைந்து கிடந்தது. அம்மாநிலம் இன்றியே தேர்தலை நடத்தலாம் என உச்சநயன்மன்றம் கூறிற்று; நடந்தது. கலைக்கும் ஆணையில் கையெழுத்திடுவது எந்த இருக்கையோ, அந்த இருக்கைக்கான தேர்தலிலேயே கலைக்கப்பட்டவனுக்குக் குரலில்லை. திருடன் கையில் திறவுகோலையும் கொடுத்து, வீட்டுக்காரன் வாயையும் கட்டிய கதை இது.

காசுமீரத்தில் இக்கதை தன் முடிவுக்கே சென்றது. 2018இல் அங்குச் சட்டமன்றம் கலைக்கப்பட்டது. 2019 ஆகத்து 5ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஆணை ஒன்று, 'மாநில அரசின் இசைவுடன்' என்று கூறிக்கொண்டு, அம்மாநிலத்தின் தனிநிலையைத் தகர்த்தது. எந்த மாநில அரசு? மக்கள் தேர்ந்த அரசு அங்கு இல்லை. தில்லி அமர்த்திய ஆளுநரே இருந்தார். 1965இல் தேர்தல் தலைமையை விட்டு ஆளுநரை ஏற்ற அவையின் பிழை, அரை நூற்றாண்டு கடந்து அம்மாநிலத்தின் மாநிலத் தகுதியையே விழுங்கிற்று. 2022 குடியரசுத் தலைவர் தேர்தல் அங்குச் சட்டமன்றம் இன்றியே நடந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் ஒப்போலை மதிப்பு 708இலிருந்து 700ஆக இறங்கியதற்கு அதுவே கரணியம். ஒரு நாட்டு மக்களின் குரல் அழிந்ததை நாட்டின் கணக்கேடு எட்டுப் புள்ளிக் குறைவாகக் குறித்துவைத்தது, அவ்வளவே!

வரவிருக்கும் அடி

தமிழகத்தின் தலைமேலும் ஓர் வாள் தொங்குகிறது. குடியரசுத் தலைவர் தேர்தலில் ஒப்போலை மதிப்பு 1971 மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்டு நிறுத்திவைக்கப்பட்டது. அதன்படித் தமிழக உறுப்பினர் ஒருவரின் மதிப்பு 176; உத்தரப் பிரதேச உறுப்பினரின் மதிப்பு 208. 2001ஆம் ஆண்டின் 84ஆம் திருத்தம் இந்நிறுத்தத்தை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பு வரை நீட்டிற்று. அதற்கு அப்பால் காவல் இல்லை.

2011 கணக்கெடுப்பை அதே இடத்தொகைக்குப் பொருத்திப் பார்த்தால் தமிழகத்தின் மதிப்பு 308. உத்தரப் பிரதேசத்தின் மதிப்பு 496. இன்று அவர் நூறு எனின் தமிழர் எண்பத்தைந்து. அன்று அவர் நூறு எனின் தமிழர் அறுபத்திரண்டு. குடும்பக் கட்டுப்பாட்டை ஏற்று நடந்த மாநிலத்துக்கு ஒறுப்பு. ஏலாத மாநிலத்துக்குப் பரிசு! 1969இல் முடிவையே மாற்றும் அளவு எடை இருந்தபோதே எழுத்துறுதி பெறாதவர், எடை குறைந்தபின் எதனைக் கொண்டு பேரம் பேசுவர்?

செய்தற்குரியன

ஆகவே தமிழர் கேட்க வேண்டியவை தெளிவானவை. மாநில அரசைக் கலைக்கும் 356ஆம் பிரிவு அடியோடு நீக்கப்படல் வேண்டும். தில்லி அமர்த்தும் ஆளுநர் ஒழிந்து, மாநிலத் தலைவரை அம்மாநில மக்களின் அவையே தேர்தல் வேண்டும். அவ்வுரிமையை அவ்வவையே விற்றுவிடாதபடி மக்களின் நேர் ஒப்புதலின்றித் திருத்தலாகாது என்னும் பூட்டும் வேண்டும். மக்கள்தொகைப் பெருக்கத்தை அளவுகோலாக்கி மாநிலங்களின் எடையைக் குறைக்கலாகாது. மாநில அவை கலைந்திருக்கையில் குடியரசுத் தலைவர் தேர்தல் நடத்தலாகாது. இவற்றுள் ஒன்றையேனும் சட்டமாக்கித் தராத எந்த வேட்பாளருக்கும் தமிழகத்தின் ஒரு புள்ளியும் போதல் கூடாது. எக்கட்சி ஆளினும் இதுவே விதியாதல் வேண்டும். விதியை மீறும் கட்சியை அடுத்த தேர்தலில் மக்கள் வினவுதல் வேண்டும்.

'கட்சிகள் அனைத்தும் ஒன்றானால் போதுமே' என்பாரும் உளர். காசுமீரத்தில் எழுபத்தைந்தும் ஒன்றாகவே இருந்தன. தென் கரோலினாவில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டும் ஒன்றாகவே இருந்தன. கைகள் ஒன்றாக உயர்வதால் மட்டும் உரிமை வராது. எதற்காக உயர்கின்றன, எழுத்தில் எதனைப் பெற்று உயர்கின்றன என்பதே வினா.

கோடைமலையின் அடிவாரத்துப் பழனி, கழகக்காலத்தில் பொதினி எனப்பட்டது. மயிலுக்குப் போர்வை ஈந்த வையாவிக் கோப்பெரும்பேகன் அப்பகுதியை ஆண்டான். புகழ்பெற்ற அக்கொடையாளி தன் மனைவி கண்ணகியைத் துறந்தபோது, கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் அவன் வாயிலிலேயே நின்று அவனை இடித்துரைத்தனர். கொடையைப் பாடிய வாயே குற்றத்தையும் கூறிற்று. பரிசிலை நாடி வந்த புலவர் பரிசிலைவிட முறையையே பெரிதெனக் கொண்டனர். அம்மண்ணின் வழிவந்தோர் தில்லி இருக்கைக்கு ஒப்போலையும் ஈந்து, வாயும் பொத்தி நிற்பது தகுமா?

ஈதல் தமிழர் குணம். ஏமாறுதல் தமிழர் குணமாதல் வேண்டா.